வெறும் வண்டி எடை

குச்சிக்கிழங்கு லாரி ஏறும்போது
மேடை ஒருமுறை முனகும்.
அப்புறம்தான் எண் நிற்கும்.
'நின்ன பிறகு எழுதுங்க.
டிரைவர் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.'
டிராயரில் கிடந்த துண்டுச் சீட்டில் இது முதல் வரி.
இரண்டாவது:
'மழை பெஞ்சா காலி மேடையே இருபது கிலோ காட்டும்.
அடியில சேறு. கழுவிட்டு பூஜ்யம் போடுங்க.'
எழுதியவன் சேர்வராயன்.
யாருக்கென்று தெரியாமலே எழுதியிருந்தான்.
எனக்கு.

வருஷத்தில் இரண்டு மாதம் ராணுவம் அவனுக்கு,
பத்து மாதம் ஜவ்வரிசி.
டெரிட்டோரியல் ஆர்மி என்று சொல்ல
ஆலையில் யாருக்கும் நாக்கு வளையவில்லை.
'பாதி மிலிட்டரி' என்றார்கள்.
இந்தமுறை இரண்டு மாதம் முடிய நான்கு நாள் இருக்க
இன்னொரு கடிதம் வந்தது.
அனுப்பியிருக்கிறோம் என்றிருந்தது.
எங்கே என்று இல்லை, எதுவரை என்றும் இல்லை.

முதலாளி ரத்தினசபாபதி
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.
சீசன் உச்சம்.
கேட்டில் பாப்பிரெட்டிப்பட்டி லாரி பதினொன்று நிற்கிறது.
'இவனை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டா?'
கணக்கர் பச்சையப்பன் தலையை ஆட்டினார், முடியாதென்று.
'சட்டம் இருக்குதுங்க. வேலை அவனோடது.
வந்தா குடுக்கணும்.'
வந்தா என்ற சொல்லை மூன்று பேரும் கேட்டோம்.
நான் மூலையில் நின்றிருந்தேன், கையில் பயோடேட்டா.

முதலாளி நல்லவரா என்றால் எனக்குத் தெரியாது.
தீபாவளிக்கு அவன் போனஸை
அவன் மனைவியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.
என் வவுச்சரில் கோகிலவாணி, பதிலி.
இனிஷியல் மாதிரி அது ஒட்டிக்கொண்டது.

எட்டு மாதம்.
நாற்காலியை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
ஆணியில் தொங்கிய அவன் மஃப்ளரைத் தொடவில்லை.
நாலாம் மாதம் தொட்டேன், தூசி தட்ட.
இருபத்து நான்கு மாதத் தவணையில் ஒரு ஸ்கூட்டி எடுத்தேன்.
கணக்குத் தெரிந்தவள்தான்.
இருந்தும் எடுத்தேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்:
ஒரு ராத்திரி கேண்டீன் டிவியில்
எல்லை, புகை, பனி.
பெயர்கள் இன்னும் தெரியவில்லை என்றார்கள்.
எல்லாரும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள்.
நானும் எழுந்தேன்.
எழுந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று
ஸ்கூட்டியின் மிச்சத் தவணையை எண்ணியது.
ஒரு நொடிதான்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எங்கள் மிஷின் பார்க்காது.
நான் பார்த்துவிட்டேன்.
அன்று மழையில்லை.
காலி மேடையைக் கழுவினேன்.

சித்திரையில் வந்தான்.
ஏற்காட்டு மலைமேல் இடி, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு சொட்டு இல்லை.
லாரி ஓய்ந்த நேரம், பையோடு வந்து
மேடை நடுவில் நின்றான்.
எழுபது காட்டியது.
'போறப்பவும் எழுபதுதான்' என்றான். 'பையில்லாம.'
இடது பக்கம் வந்து பேசச் சொன்னான்,
வலது காது இன்னும் திறக்கவில்லையாம்.
அங்கே குளிரு என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

பச்சையப்பன் ஃபைலோடு வந்தார்.
அதே வேலை, அதே சம்பளம்,
நடுவில் விட்டுப்போன இன்கிரிமென்ட்டும் சேர்த்து.
கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமலே
முதலாளி என்னைப் பார்த்தார்.
என் பெயருக்கு எந்த ஃபைலும் வரவில்லை.

சாவியைக் கொடுத்தேன்.
அவன் உட்கார்ந்தான். முழங்கால் மேசையில் இடித்தது.
நாற்காலியை உயர்த்தவில்லை.
டிராயரைத் திறந்து தன் சீட்டைத் தானே படித்தான்.
மூன்றாவது வரி நான் சேர்த்தது:
'வடக்கு மூலை லோடு செல் போயிட்டுப் போயிட்டு வருது.
சர்வீஸ்காரர் நம்பர் பின்னால.'
'பின்னால இருக்கா?' திருப்பினான்.
இடது பக்கம் போய் 'இருக்கு' என்றேன்.

வெயிலில் ஸ்கூட்டி மூன்று உதை கேட்டது.
கேட்டுக்கு வழி மேடை மேல்தான்.
ஏறினேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினான்,
எண் நிற்கட்டும் என்று.
நின்றேன்.